மருந்து போடாத கன்னம்

மந்திரமூர்த்தியைச் சுடுகாட்டில் எரித்துவிட்டு வந்த பூவனலிங்கம், நேராக அடுப்படிக்குள் போய் நின்றார். பஞ்சாயத்தில் தீர்ப்புச் சொல்கிறவர் போலத் தொண்டையைச் செருமினார். கையை உயர்த்தினார்.

“ஏட்டி சுந்தரம்! இன்னைல இருந்து இந்த வீட்டுக்குள்ள புத்துநோய் நுழையக் கூடாது!”

சுந்தரம்மாள் உலைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“அது நுழையாம இருக்கது இருக்கட்டும். மொதல்ல நீங்க வெளிய போங்க. துஷ்டி வீட்டுக்குப் போயிட்டுத் தலைமுழுகாம, செருப்பைக்கூடக் கழட்டாம அடுப்படில வந்து நிக்கீங்க.”

பூவனலிங்கம் கீழே பார்த்தார். செருப்பு இருந்தது. ஆடி மாதத்து ஊமைத் தூறலில் நனைந்த கரிசல், செருப்போடு சேர்ந்து இரண்டு விரல் உயரத்துக்கு ஒட்டியிருந்தது. உயர்த்திய கையை இறக்கிக்கொண்டு குளிக்கப் போனார்.

ஆனாலும் தீர்மானம் தீர்மானம்தான். குளித்துவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

“ஆராய்ச்சிட்டி! உலகம் பூரா ஆராய்ச்சி பண்ணுதாங்க. புத்துநோய் வாரதே சாப்பாட்டுலதானாம். சண்முகராஜ் போன்ல காட்டினான்.”

சண்முகராஜ் அடுத்த வீட்டுக்காரர். காலையில் எழுந்து பல் தேய்ப்பதற்கு முன்னால் போனைப் பார்த்து ஒரு வியாதியைக் குணமாக்கிவிடுவார். பல் தேய்த்த பிறகு இன்னொன்று. அவர் அனுப்புகிற செய்திகளைப் படித்துப் படித்தே பசுவந்தனைப் பக்கம் பாதிப் பேருக்கு இல்லாத நோயெல்லாம் வந்து, வந்த வேகத்தில் குணமாகியும் போயிருந்தது.

“இனிமே ஊறுகாய் கிடையாது,” என்றார் பூவனலிங்கம்.

“சரி.”

“கருவாடு கிடையாது.”

“ம்.”

“குழம்புக்கு மிளகாய் வத்தல் போடப்பிடாது.”

“வத்தல் போடாத குழம்புக்கு என்ன பேரு வைக்கணும்னு உங்க ஆராய்ச்சில போட்டிருக்கா?”

“கடலைமிட்டாயும் கிடையாது.”

சுந்தரம்மாளின் கை நின்றது. “கோவில்பட்டிக்குப் பக்கத்துல குடியிருந்துக்கிட்டுக் கடலைமிட்டாய் கிடையாதா? இதை வெளிய சொல்லிராதீங்க. பஸ்ஸுல ஏத்த மாட்டாவ.”

“உசிரு பெருசா, மிட்டாய் பெருசா?”

“அப்படியே ஆகட்டும். புகையிலை?”

பூவனலிங்கத்தின் இடது கன்னம் அந்த நேரத்தில் ஒரு எலுமிச்சம்பழ அளவுக்குப் புடைத்திருந்தது. அதைக் கொஞ்சம் உள்ளே ஒதுக்கிக்கொண்டு பதில் சொன்னார்.

“அது இலைட்டி. மண்ணுல முளைச்ச பச்சை இலை. கீரை மாதிரி.”

“அப்ப புளி ஊத்திக் கடைஞ்சு தரட்டுமா?”

இப்படிப்பட்ட பெண்பிள்ளையோடு அறிவியல் பேச முடியுமா? பூவனலிங்கம் கோபமாக வெளியே வந்து மோட்டார் சைக்கிள் பக்கத்தில் நின்றார். சுற்றும் முற்றும் பார்த்தார். ஆளில்லை. கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி வாயைத் திறந்தார்.

அது அங்கனதான் இருந்தது.

இரண்டு கன்னத்திலும் உள்பக்கமாக, சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளைத் திட்டு. காலையில் இடது கன்னம், மத்தியானத்துக்கு மேல் வலது கன்னம் என்று மாற்றி மாற்றிப் புகையிலை அடக்குவது அவர் வழக்கம். ஏர்மாட்டை மாற்றிக் கட்டுகிற நியாயம். அதனால் திட்டும் வஞ்சகமில்லாமல் இரண்டு பக்கமும் வந்திருந்தது. உறைப்புப் பட்டால் தீப்பட்ட மாதிரி எரிந்தது. கோடைக் கரிசல் வெடித்தது போல வாய் வெடித்துக் கிடந்தது. கடலைமிட்டாயைக் கடிக்க வாய் முழுசாகத் திறக்க வரவில்லை.

இப்போது தெரிகிறதா, ஊறுகாயும் வத்தலும் கருவாடும் கடலைமிட்டாயும் எந்த ஆராய்ச்சியில் தள்ளுபடியானதென்று?

மந்திரமூர்த்தி அவருக்கு அடுத்த புஞ்சைக்காரர். சேர்ந்து உழுதவர்கள், சேர்ந்து புகையிலை பழகியவர்கள். ஒரே மடியிலிருந்து ஒரே துண்டை எடுத்து ஆளுக்குப் பாதியாகக் கிள்ளிக்கொள்வார்கள். மந்திரமூர்த்திக்கும் முதலில் இப்படி வெள்ளையாகத்தான் வந்தது. பச்சிலை, பத்தியம், பட்டணத்து லேகியம் என்று வருஷக்கணக்கில் அலைந்துவிட்டுக் கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனார். தாடையில் பாதியை எடுத்தார்கள். ஆள் தங்கவில்லை. ‘கத்தி பட்டதுதான் ஆளைக் கொண்டுபோயிட்டு’ என்று ஊர் சொன்னது. பூவனலிங்கமும் அதையே நம்பினார். வாயைத் திறந்து காட்டினால் தாடையைக் கழற்றிவிடுவார்கள். ஆகவே வாயைத் திறக்கக் கூடாது.

‘வாய் எரியுது’ என்று வீட்டில் இருப்பவளிடம் சொல்ல எத்தனை சொல் வேண்டும்? இரண்டே சொல். அந்த இரண்டு சொல் மட்டும் ஆண்பிள்ளைகள் வாயில் வராது. உலகத்து ஆராய்ச்சியெல்லாம் வரும்.

சுந்தரம்மாள் ஒரு மாதம் பார்த்தாள். மனுஷன் தயிர்ச் சோற்றையே குழந்தை மாதிரி விழுங்குவதைப் பார்த்தாள். பிறகு வேலி ஓரமாகப் போய் நின்றாள்.

“தம்பி, புத்துநோய் வராம இருக்க எதைச் சாப்பிடணும்னு உங்க போன்ல போட்டிருக்கா?”

சண்முகராஜுக்குத் தலைகால் புரியவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு ஆள் அவரிடம் தானாக வந்து கேட்கிறது.

“மிளகு, பூண்டு, இஞ்சி, மஞ்சள். நாலும் புத்துநோய்க்கு நாலு எமன் மதினி. பூராவும் ஆராய்ச்சி பண்ணுனது!”

அன்றைக்கு மத்தியானம் பூவனலிங்கத்தின் தட்டில் மிளகுக் குழம்பு விழுந்தது. பக்கத்தில் இஞ்சித் துவையல். கிண்ணத்தில் பூண்டு ரசம், ஆவி பறக்க.

“என்னட்டி இது?”

“ஆராய்ச்சி. சண்முகராஜ் தம்பிகிட்டக் கேட்டுத்தான் செஞ்சேன். புத்துநோய் தெருமுனையிலேயே திரும்பிப் போயிருமாம். சாப்பிடுங்க.”

“எனக்குப் பசிக்கல.”

“உசிரு பெருசா, பசி பெருசா?”

பூவனலிங்கம் ஒரு வாய் வைத்தார். காதுக்குள் சங்கு ஊதியது. இரண்டாம் வாய்க்கு உச்சந்தலை கழன்று மேலே போனது. கண்ணிலிருந்து தாரை தாரையாக ஓடியது.

“என்ன, கண்ணுல தண்ணி?”

“ம... மந்திரமூர்த்தியை நினைச்சேன்.”

“அவிய செத்து மாசம் ஒண்ணாச்சு. இஞ்சித் துவையலைப் பாத்ததும்தான் ஞாபகம் வருதாக்கும்?”

அவர் தண்ணீர்ச் செம்பை எடுத்து வாயில் கவிழ்த்துக்கொண்டார். சுந்தரம்மாள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். தயிர் ஊற்றிப் பிசைந்த சோற்றைக் கொண்டுவந்து வைத்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. முந்தானையால் முகத்தை மட்டும் ஒரு தடவை துடைத்துக்கொண்டாள்.

அந்த மௌனத்தைப் பார்த்து அவர் பயந்திருக்க வேண்டும். ‘பிழைத்தேன்’ என்று நினைத்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று கூப்பிட்டால் வரமாட்டார். அழுதால் வெளியே போய்விடுவார். சண்டை போட்டால் பசுவந்தனை வரைக்கும் போய்விடுவார். இருபத்தைந்து வருஷம் குடும்பம் நடத்தினவளுக்கு இது தெரியாதா? அவரை இழுக்கிற கயிறு எதுவென்றும் அவளுக்குத் தெரியும்.

அந்தக் கயிற்றின் பெயர் இரண்டு சால்.

ஏர் போகிற வரிசையைச் சால் என்போம். பூவனலிங்கம் எந்தப் புது உரம் போட்டாலும், எந்தப் புது மருந்து அடித்தாலும், புஞ்சையின் நடுவில் இரண்டு சாலை மட்டும் ஒன்றும் போடாமல் விட்டுவிடுவார். அறுக்கும்போது இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். மக்காச்சோளத்துப் படைப்புழுவுக்கு மருந்து விற்க வந்த கம்பெனிக்காரப் பையன்கள் அவரைக் கண்டாலே வண்டியைத் திருப்பிவிடுவார்கள். நடுக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்பார்: “மருந்து போட்ட சாலைக் காட்டுதே. போடாத சால் எங்கலே?” அந்த ஒரு கேள்வியில் எத்தனையோ கம்பெனிகள் இந்தக் கரிசலைவிட்டு ஓடியிருக்கின்றன. அதில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

ஆவணியில் ஒரு நாள் சுந்தரம்மாள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

“நாளைக்குச் சமுதாயக் கூடத்துல புத்துநோய் முகாமாம். கோவில்பட்டில இருந்து ஒரு டாக்டரம்மா வாராவளாம். நீங்க வர வேண்டாம்.”

“ஏன் வர வேண்டாம்?”

“போன்ல வார கஷாயமெல்லாம் சுத்தப் பொய்யின்னு பேசுதாவளாம். உங்களுக்குக் கோவம் வரும்.”

“என்னது? பொய்யா? எதை வச்சுப் பொய்யிங்கா?” பூவனலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டார். முகாமுக்கு இன்னும் ஒரு ராத்திரி முழுசாக இருந்தது.

சண்முகராஜ் சமீபத்தில் ஏழு இலைக் கஷாயம் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். ஏழு இலையையும் மிளகோடு சேர்த்துக் காய்ச்சி வாயில் ஊற்றி அடக்கினால் வாய்ப்புற்று ஓடிவிடுமாம். ‘எப்படி அடக்கணும்?’ என்று பூவனலிங்கம் போகிற போக்கில் கேட்பது போலக் கேட்டு, விவரம் எல்லாம் தெரிந்து வைத்திருந்தார். ஆனால் மிளகை நினைத்தால் இஞ்சித் துவையல் ஞாபகம் வந்தது. அதனால் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார்.

சமுதாயக் கூடம் நிறைந்திருந்தது. டாக்டரம்மா சின்ன வயசு. மைக் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து நின்று பேசினாள்.

“கீரை சாப்பிடுங்க, காய்கறி சாப்பிடுங்க, கம்பு கேப்பை சாப்பிடுங்க. நல்லது. வைத்தியம் நடக்கிறப்ப குமட்டலுக்கு இஞ்சி, மனசு அமைதிக்கு யோகா, அதையெல்லாம் நாங்களே சொல்றோம். ஆனா எங்களுக்குத் தெரிஞ்சு செய்யுங்க. வைத்தியத்தை விட்டுட்டு இலையை மட்டும் நம்பாதீங்க.”

பூவனலிங்கம் எழுந்துவிட்டார்.

“இலைன்னா இளக்காரமா? ஏழு இலைக் கஷாயம் புத்துநோயைக் கொல்லுதுன்னு ஆராய்ச்சில வந்திருக்கு! நீங்க படிக்கல போலருக்கு!”

சண்முகராஜ் பக்கத்திலிருந்து போனை உயர்த்திக் காட்டினார், சூடத்தட்டைக் காட்டுவது போல.

“படிச்சிருக்கேன் ஐயா,” என்றாள் டாக்டரம்மா. “கண்ணாடித் தட்டுல நோய்ச் செல்லை வச்சு அது மேல சாறை ஊத்துவாங்க. செத்துப்போகும். பினாயிலை ஊத்தினாலும் செத்துப்போகும். அதுக்காகப் பினாயிலைக் குடிக்க முடியுமா? மனுஷங்ககிட்ட சோதிக்கணும். ஒரு பகுதிக்கு மருந்தைக் கொடுத்து, இன்னொரு பகுதிக்குக் கொடுக்காம, ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கணும். அதுக்குப் பேர்தான் ஆராய்ச்சி.”

இது பூவனலிங்கத்தின் இரண்டு சால் அல்லவா! யார் சொல்லிக் கொடுத்தது இந்தப் பிள்ளைக்கு? அவருக்குக் கோபமும் வந்தது, பாசமும் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததில் புரையேறியது.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து சுந்தரம்மாள் எழுந்தாள்.

“டாக்டரம்மா, ஆராய்ச்சின்னா இந்த வட்டாரத்துலயே அவியதான். போடாத சாலைக் காட்டாம எமன் வந்து மருந்து குடுத்தாலும் வாங்க மாட்டாவ. இந்தக் கஷாயத்தையும் அவியளே சோதிச்சுக் காட்டுவாவ.”

கூட்டம் கைதட்டியது. பூவனலிங்கத்தின் மார்பு ஒரு அங்குலம் முன்னால் வந்தது. பொண்டாட்டி பத்துப்பேர் முன்னால் புகழ்ந்து அவர் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் அப்போதே சுதாரித்திருப்பார்.

“தாராளமா செய்யலாம்,” என்றாள் டாக்டரம்மா. “ஆனா வாய்ல வெள்ளைத் திட்டு இருக்கிற ஆள் ஒருத்தர் வேணும். ரெண்டு கன்னத்துலயும் இருந்தா இன்னும் நல்லது. ஒரு கன்னத்துக்குக் கொடுத்து, ஒரு கன்னத்தை விட்டுப் பார்க்கலாம்.”

ஒருவர் வாயை ஒருவர் பார்த்தார்கள். எல்லா வாயும் மூடியிருந்தது.

சுந்தரம்மாள் பெருமூச்சு விட்டாள். “ரெண்டு கன்னத்துலயும் உள்ள ஆளுக்கு இந்த ஊர்ல எங்க போக? போங்க, ஆராய்ச்சி அம்புட்டுதான். சண்முகராஜ் தம்பி, போனைப் பைக்குள்ள வைங்க. கஷாயம் பொய்யின்னே எழுதிக்கிடட்டும்.”

“பொய்யின்னே வச்சுக்கலாமா ஐயா?” என்று டாக்டரம்மா பூவனலிங்கத்தைப் பார்த்துக் கேட்டாள்.

சோதிக்காமலே பொய்யாமே! போட்ட சாலும் பார்க்காமல், போடாத சாலும் பார்க்காமல், ஒரு தீர்ப்பா? இந்தக் கரிசல் மண்ணில், அவர் கண் முன்னால், இப்படி ஒரு அநியாயமா? ரத்தம் கொதித்தது.

“ஏன் இல்ல?” என்று கத்தினார். “நான் இருக்கேன்! ரெண்டு கன்னத்துலயும் இருக்கு! பாருங்க!”

வாயைத் திறந்தார். வலித்தது. அப்படியும் திறந்தார்.

கூடம் முழுவதும் எட்டிப் பார்த்தது. அப்புறம்தான் தான் என்ன செய்துவிட்டோம் என்பது அவருக்கு உறைத்தது. வாயை மூடப் போனார். அதற்குள் டாக்டரம்மா டார்ச் விளக்கோடு முன்னால் வந்து நின்றாள். பெண்கள் பக்கம் பார்த்தார். சுந்தரம்மாள் உட்கார்ந்துவிட்டாள். அவள் முகத்தில் வெற்றி இல்லை. வெளிறிப்போயிருந்தது.

அதற்கு மேல் எல்லாம் அவரே செய்தார். அதுதான் கொடுமை.

“ஆராய்ச்சின்னா, முன்னால எப்படி இருந்துச்சுன்னு கணக்கு வேணும்,” என்றாள் டாக்டரம்மா. “ரெண்டு பக்கமும் துளி தசை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பணும்.”

“கண்டிப்பா வேணும்,” என்றார் பூவனலிங்கம். “விதைக்கதுக்கு முன்னால மண்ணு எடுத்து அனுப்புதோம்லா? மண்ணு தெரியாம வெள்ளாமையைப் பத்திப் பேசுதவன் மடையன்!”

“அப்ப புகையிலையை என்ன செய்ய?” என்று சுந்தரம்மாள் ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டாள். “ஒரு கன்னத்துல மட்டும் வச்சுக்கிடுதீங்களா?”

“உனக்கு வெள்ளாமை தெரியுமாட்டி? ஒரு சாலுல களையை விட்டு, ஒரு சாலுல களையை எடுத்தா அது எப்படி ஒப்பிட வரும்? எடுத்தா ரெண்டுலயும் எடுக்கணும்!”

சொல்லி முடித்த பிறகு தன் இடுப்பு மடியைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டார். சொன்ன சொல்லை ஊரே கேட்டிருந்தது. மடியிலிருந்த புகையிலையைச் சுந்தரம்மாள் வாங்கிக்கொண்டாள். கேட்டு வாங்கவில்லை. கையை மட்டும் நீட்டினாள்.

கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் தசை எடுத்த அன்றைக்குப் பூவனலிங்கம் சண்டியராக இருந்தார். ஊசி போட்ட நர்சிடம் இரண்டு சாலின் மகிமையை விளக்கினார். முடிவு வாங்கப் போன அன்றைக்குத்தான் ஆள் சுருங்கிவிட்டார். பெஞ்சில் உட்கார்ந்து செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சுந்தரம்.”

“ம்.”

“தாடையை எடுத்தா பேச்சு வராதாமே.”

“வராட்டா என்ன? இம்புட்டு நாளு பேசுனது போதாதா?” என்றாள். ஆனால் அவர் கையைப் பிடித்திருந்த அவள் கை, மாட்டுக்கயிறு பிடிக்கிற மாதிரி இறுகியிருந்தது. விடவே இல்லை.

டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். “புற்றுநோய் இல்ல. ஆனா செல்லு மாற ஆரம்பிச்சிருக்கு. வாசல் வரைக்கும் வந்து நிக்குதுன்னு வச்சுக்குங்க. புகையிலையைத் தொடாம இருந்தா திரும்பிப் போக வாய்ப்பு இருக்கு. போகலேன்னா அந்தத் திட்டை மட்டும் எடுத்திருவோம். தாடையை யாரும் எடுக்கப் போறதில்ல. ஆனா விடாம வந்து காட்டணும்.”

பூவனலிங்கம் எழுந்தார். துண்டை உதறினார். குரல் திரும்ப வந்துவிட்டது.

“அப்ப ஆராய்ச்சியை ஆரம்பிக்கலாம்.”

சுந்தரம்மாள் அவரை வெளியே போகச் சொல்லிவிட்டு, டாக்டரம்மாவிடம் தனியாக ஏதோ பேசிவிட்டு வந்தாள். ‘பெண்கள் விஷயம்’ என்றாள். அவரும் கேட்கவில்லை.

ஆராய்ச்சி நடந்தது. சண்முகராஜ் தினமும் ஏழு இலையும் பறித்துக் கொண்டுவந்து கொடுத்தார். சுந்தரம்மாள் அதை அடுப்படிக்குள் கொண்டுபோய், கிண்ணத்தோடு திரும்பி வந்தாள். பூவனலிங்கம் காலையும் மாலையும் கிண்ணத்தில் இருந்ததை இடது கன்னத்தில் மட்டும் அடக்கினார். வலது பக்கம் ஒரு சொட்டுப் போகக் கூடாது. அதனால் கழுத்தை இடது பக்கமாகச் சாய்த்தே வைத்திருந்தார். சாய்த்த கழுத்தோடு புஞ்சைக்குப் போனார். சாய்த்த கழுத்தோடு விதை வாங்கினார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள், தங்கள் தோளில் தூங்க வருகிறார் என்று நினைத்து எழுந்து போனார்கள்.

“அண்ணாச்சிக்கு என்ன, சுளுக்கா?” என்று ஊர் கேட்டது. வாயில் கஷாயம் இருப்பதால் பதில் சொல்ல முடியாது. ‘ம்ம்ம்’ என்று கையைக் காட்டுவார். ‘பாவம், பக்கவாதம்’ என்று ஊர் முடிவு செய்துகொண்டது.

புகையிலை இல்லாத கோபம் வேறு. மாட்டைத் திட்டினார். வானத்தைத் திட்டினார். மழை பெய்யாததற்குத் திட்டினார், பெய்ததற்கும் திட்டினார். சுந்தரம்மாள் ஏலக்காயைக் கொடுத்து மெல்லச் சொன்னாள். ஏலக்காயையும் திட்டிக்கொண்டே மென்றார்.

ஒரு விஷயம் மட்டும் அவருக்கு அதிசயமாக இருந்தது.

“மிளகு போட்ட கஷாயம் எரியவே இல்லையேட்டி! குளுகுளுன்னுல்லா இருக்கு!”

“ஏழு இலையோட குணம் அப்படி,” என்றாள் சுந்தரம்மாள், அடுப்பைப் பார்த்துக்கொண்டே.

புரட்டாசியில் விதைத்தது கார்த்திகையில் இடுப்பளவு நின்றபோது, டாக்டரம்மாவிடம் போனார்கள். அவள் டார்ச் அடித்து இடது கன்னத்தைப் பார்த்தாள்.

“ரொம்பக் குறைஞ்சிருக்கு.”

பூவனலிங்கம் கழுத்து சாய்ந்தபடியே சிரித்தார். உலகத்து ஆராய்ச்சியாளர்கள் எல்லாரும் வரிசையில் நின்று அவருக்குத் துண்டு போர்த்துவது தெரிந்தது.

“இந்தப் பக்கத்தைக் காட்டுங்க.” வலது கன்னத்தைப் பார்த்தாள். “இதுவும் அதே அளவு குறைஞ்சிருக்கு. ரெண்டும் ஒண்ணுபோல இருக்கு ஐயா.”

துண்டு போர்த்த வந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் போய்விட்டார்கள்.

சண்முகராஜ் விடவில்லை. வீட்டு வாசலில் காத்திருந்து வாதாடினார். “கசிஞ்சிருக்கும் அண்ணாச்சி! இந்தக் கன்னத்துல ஊத்தினது அந்தக் கன்னத்துக்குக் கசிஞ்சு போயிருக்கும்!”

“ஏலே! இதையேதான் படைப்புழு மருந்துக் கம்பெனிக்காரனும் சொன்னான். பக்கத்துச் சாலுக்குக் கசிஞ்சிட்டுன்னு. அவனை என்ன பாடு படுத்தினேன்? அவனுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா? போடாத சாலும் போட்ட சாலும் ஒண்ணுபோல வந்தா, போட்ட மருந்து வெத்து!”

மனுஷன் எப்படியிருந்தாலும் சாலில் பொய் சொல்ல மாட்டார். சண்முகராஜ் போனைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். பூவனலிங்கம் கழுத்தை நேராக்கினார். நாள்பட்டுப்போனதால் சடக்கென்று சத்தம் வந்தது. பிறகு உள்ளே போய்ச் சொன்னார்.

“கஷாயம் பொய்யிட்டி.”

“எந்தக் கஷாயம்?” என்றாள் சுந்தரம்மாள்.

“எந்தக் கஷாயமா? நான் கழுத்து ஒடிய அடக்கினேனே, அது!”

“அது வெந்தயம் ஊறவச்ச தண்ணி. எரியுத எதையும் வாய்ல வைக்கப்பிடாதுன்னு டாக்டரம்மா அன்னைக்கே சொல்லிட்டாவ. என்ன குடுக்கப் போறேன்னு அவியகிட்டச் சொல்லித்தான் குடுத்தேன்.”

“அப்ப அந்த ஏழு இலை?”

“ஆட்டுக்குப் போட்டேன். அதுவும் தின்னல.”

பூவனலிங்கம் தூணைப் பிடித்துக்கொண்டார். வெந்தயத் தண்ணிக்கா இத்தனை நாள் கழுத்தைச் சாய்த்தார்? வெந்தயத் தண்ணிக்கா பக்கவாதக்காரன் என்று பேர் வாங்கினார்? ஆத்திரத்தில் தன்னிடமிருந்த ஒரே ஆயுதத்தை எடுத்தார்.

“அப்ப இது புகையிலையை விட்டதால வந்த குணம்ங்கியா? எப்படிச் சொல்லுதே? புகையிலையை விட்ட சால் இது. விடாத சால் எங்கட்டி? காட்டு பாப்போம்!”

சுந்தரம்மாள் சன்னல் வழியாகக் கை நீட்டினாள். தூரத்தில், அவர்கள் புஞ்சைக்கு அடுத்த புஞ்சை இந்த வருஷம் விதைக்க ஆளில்லாமல் தரிசாகக் கிடந்தது.

“அங்கன இருந்துச்சே. மந்திரமூர்த்தி அண்ணன்.”

ஒரே மடி. ஒரே துண்டு. ஆளுக்குப் பாதி. இதைவிட ஒப்பான இரண்டு சால் கரிசலில் எங்கும் கிடையாது. பூவனலிங்கம் அந்தத் தரிசையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சாப்பிட வந்து உட்கார்ந்தார்.

சுந்தரம்மாள் தட்டை வைத்தாள். சோறு, குழம்பு. குழம்பில் இரண்டு வத்தல் மிதந்தது. ஓரத்தில் துளி ஊறுகாய். எங்கே ஒளித்து வைத்திருந்தாளோ, ஒரு கடலைமிட்டாயும் இருந்தது. பூவனலிங்கம் பயந்து பயந்து ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைத்தார். லேசாகத்தான் எரிந்தது. கண்ணில் தண்ணி வந்தது. இந்தத் தடவை காரணம் யாரும் கேட்கவில்லை.

இரண்டாம் சோறு வாங்கும்போது பழைய தெம்பு வந்துவிட்டது. மிட்டாயைக் கையில் எடுத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“எப்படியோ, நான் செஞ்ச ஆராய்ச்சி வீண்போகலை பாத்தியா?”

“நீங்க செஞ்ச ஆராய்ச்சியா?” சுந்தரம்மாள் குழம்புக் கரண்டியைச் சட்டிக்குள் போட்டாள். “ஆராய்ச்சி செஞ்சது நான். நீங்க நிலம்.”